உள்ளங்கைக் கணினி – 7: கடிகாரம் இல்லாத பெட்டி

போன வாரம் ராஸ்பெரி பையில் மெமரி கார்டைச் செருகி உயிர் கொடுத்தோம். இனி அதில் மென்பொருள் ஏற்ற வேண்டும்.

கட்டளைகள் சுலபம். 'சூடோ ஆப்ட் அப்டேட்' என்று தட்டினால் மென்பொருள் களஞ்சியத்தில் எந்தப் பேக்கேஜ் (மென்பொருள் பொட்டலம்) எந்தப் பதிப்பில் இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் வந்திறங்கும். ஒரு மென்பொருளும் மாறாது. 'சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்' கொடுத்தால்தான் சரக்கு இறங்கும். முதலாவதை மட்டும் தட்டிவிட்டு 'அப்டேட் பண்ணியாச்சு' என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். இதையெல்லாம் எந்த யூடியூப் வீடியோவும் சொல்லிவிடும். இந்த ஏற்பாடு சின்னப் பெட்டியில் எங்கே முரண்டு பிடிக்கும் என்பதைத்தான் சொல்ல மாட்டார்கள்.

இந்தக் கட்டளைகளுக்குப் பின்னால் இருக்கும் ஆப்ட் 1998-இல் டெபியன் லினக்ஸுக்காகப் பிறந்தது. மேசைக் கணினிகளும் சர்வர்களும்தான் அதன் உலகம். 2012 பிப்ரவரியில் ராஸ்பெரி பை வந்தபோது முதல் இடறல் சிப்பிலேயே இருந்தது. பையில் இருப்பது ஆர்ம் வகைச் சிப். டெபியனின் வேகமான ஆர்ம் பதிப்பு ஏழாம் தலைமுறைச் சிப்புக்கானது. பையில் இருந்ததோ ஆறாம் தலைமுறை. மைக் தாம்ப்சன், பீட்டர் கிரீன் என்ற இருவர் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களை அந்தச் சிப்புக்காகவே மறுபடி கம்பைல் செய்தார்கள். அதுதான் ராஸ்பியன். அசுர உழைப்பு!

அந்தச் சிக்கல் தீர்ந்தது. கடிகாரச் சிக்கல் தீரவில்லை. மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் சாதாரணக் கணினியில் உண்டு. பையில், 2023-இல் வந்த ஐந்தாம் மாடல் வரை, அது கிடையாது; ஐந்திலும் பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும். கடிகாரம் இல்லாத பை, அணைக்கும்போது இருந்த நேரத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்து, அடுத்த முறை அங்கிருந்தே எண்ணத் தொடங்கும். ஒரு மாதம் அலமாரியில் கிடந்த பை, விழித்ததும் போன மாதத்தில்தான் இருக்கும். இணையம் கிடைத்தால் நேரத்தைத் திருத்திக்கொள்ளும். ஆனால் சில கல்லூரி, அலுவலக நெட்வொர்க்குகளில் அந்த நேரச் சேவையையே அடைத்து வைத்திருப்பார்கள்.

அப்போது ஆப்ட், 'இந்தப் பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று கைவிரித்துவிடும். பட்டியலில் இருப்பது அதற்கு எதிர்காலத் தேதி அல்லவா? இதை அசட்டுப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். பழைய பட்டியலைக் காட்டிப் பாதுகாப்புத் திருத்தங்கள் உங்களுக்கு வராமல் ஒருவர் தடுக்க முடியும்; தேதியைப் பார்ப்பது அதற்கான காவல். காவலை அணைக்கும் வழிகளை இணையத்தில் தேடாமல், 'டேட்' என்று தட்டிப் பார்த்து நேரத்தைச் சரிசெய்யுங்கள்.

இன்னொன்று மெமரி கார்டு. பேக்கேஜைப் பிரித்து வைக்கும் டிபிகேஜி, எழுதியது உண்மையிலேயே பதிந்ததா என்று ஒவ்வொரு கட்டத்திலும் காத்திருக்கும். கார்டோ மெதுவானது. திரை அசையாமல் நிற்கும். ஹேங் ஆகிவிட்டது என்று பிளக்கைப் பிடுங்காதீர்கள். மின்வெட்டே குறுக்கிட்டால், 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' பெரும்பாலும் பாதியில் நின்ற வேலையை முடித்துவிடும்.

டெபியனின் புக்வோர்ம் பதிப்பிலிருந்து டிரிக்ஸி பதிப்புக்குப் போவது போன்ற பெரிய மாற்றத்துக்கு மட்டும் 'ஃபுல்-அப்கிரேட்' வழி வேண்டாம். கோப்புகளை நகலெடுத்துவிட்டு, புதுக் கார்டில் முதலிலிருந்து ஏற்றுங்கள். ராஸ்பெரி பையைத் தயாரிப்பவர்களும் அதையே பரிந்துரைக்கிறார்கள்.