ஆபாச ஏடுகளும் சட்டமும்

செபராங் பிறைத் தோட்டமொன்றின் இளைஞர், சம்பள நாளுக்கு மறுநாள் பட்டர்வொர்த்தில் படகேறிப் பினாங்கு சென்று, ஜார்ஜ் டவுன் கடைத்தெருவில் ஆபாச ஏடொன்றை வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். படித்து முடித்ததும் அது லயத்து நண்பர்களிடையே கைமாறுகிறது. காசு வாங்கவில்லையே, இதில் குற்றமென்ன என்று அவர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் தவறானது.

தண்டனைச் சட்டத் தொகுப்பின் 292ஆவது பிரிவு விற்பனையை மட்டும் தடுக்கவில்லை. வாடகைக்கு விடுதல், விநியோகித்தல், பலர் காண வைத்தல், எவ்வகையிலேனும் புழக்கத்தில் விடுதல், இவற்றிற்காகத் தயாரித்தல் அல்லது வைத்திருத்தல் ஆகிய யாவும் குற்றங்களே. தண்டனை மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பெறுபவர் 20 வயதுக்குட்பட்டவராயின் 293ஆவது பிரிவின்படி சிறைக்காலம் ஐந்தாண்டு வரை நீளும். 18 வயதில் வாக்குரிமை உண்டு. ஆயினும் இப்பிரிவுக்கு எல்லை 20 வயதே. பெரட்டுக்கு வரும் பையன்கள் பலர் இவ்வெல்லைக்குள் அடங்குவர்.

இதன் மூலம் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமாகும். அதைத் தழுவிய தொகுப்பு, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1872இல் நடைமுறைக்கு வந்தது. கோயிற் சிற்பங்களுக்கும் சுவாமி ஊர்வலத் தேரின் உருவங்களுக்கும் இப்பிரிவு பொருந்தாது என்னும் விலக்கு இன்றும் அதில் உள்ளது. எந்நாட்டை எண்ணி எழுதினார்கள் என்பது இதிலே விளங்கும்!

ஆபாசம் எதுவெனச் சட்டம் வரையறுக்கவில்லை. ஏடு யார் கைக்குப் போய்ச் சேரக்கூடுமோ அவர்தம் மனத்தைக் கெடுக்கும் இயல்புடையதா என்று 1868இல் இங்கிலாந்து நீதிமன்றம் வகுத்த அளவுகோலையே இந்திய, மலாயா நீதிமன்றங்கள் நெடுங்காலம் பின்பற்றின.

சொந்த வாசிப்புக்கென வைத்திருப்பதை 292ஆவது பிரிவு குறிப்பிடவில்லை. ஆனால் 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்கீழ் உள்துறை அமைச்சர் தடைசெய்த ஏடாயின், தகுந்த காரணமின்றி வைத்திருந்தாலே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. அதை விற்பவருக்கோ மூன்றாண்டு வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும்.

இன்று ஏட்டினும் கைத்தொலைபேசி வழியாகவே இவை மிகுதியாகப் பரவுகின்றன. 18 வயது நிரம்பாத பிள்ளைகளின் ஆபாசப் படமாயின், பிறருக்கு அனுப்ப வேண்டியதே இல்லை. வைத்திருப்பதே 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி குற்றம். ஐந்தாண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படும்.