தூசிக்குள் பேசும் குச்சி

ஆஸ்திரேலியாவின் நடுவே கிடக்கும் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடக்கும் வண்டிகளின் முகப்பில் தடித்த இரும்புச் சட்டம் ஒன்று இருக்கும். அங்கே அதன் பெயர் புல் பார். இருட்டில் குறுக்கே பாயும் கங்காருவிடமிருந்து ரேடியேட்டரைக் காப்பது அதன் வேலை. அந்தச் சட்டத்தின் மேல் பெரிய வட்ட விளக்குகள் இரண்டைப் பொருத்துவார்கள். ஓரத்தில் நீண்ட குச்சியாக ஒரு ஆண்டெனா நிற்கும். விளக்கு பார்ப்பதற்கு, குச்சி பேசுவதற்கு. ஆனால் இயற்பியலைக் கேட்டால், இரண்டும் செய்வது ஒரே வேலை என்று சொல்லும். இரண்டுமே மின்காந்த அலையை வெளியே அனுப்புகின்றன. அலையின் நீளம்தான் வேறு.

வெளிச்சத்தின் அலைநீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த வண்டிகளில் இருக்கும் யு.எச்.எஃப். சி.பி. ரேடியோ 477 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குகிறது. அதன் அலை 63 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. வெளிச்சத்தின் அலையைப்போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேல்.

இந்த வித்தியாசம் என்ன செய்யும் என்பதைச் செம்மண் பாதையில் கண்ணாலேயே பார்க்கலாம். முன்னால் போகும் வண்டி கிளப்பும் தூசியின் துகள்கள் வெளிச்சத்தின் அலையைவிடப் பெரியவை. விளக்கைப் போட்டால் ஒளி அவற்றில் பட்டுச் சிதறி, அதில் ஒரு பகுதி நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. வெள்ளைச் சுவர் ஒன்று எழுந்து நிற்கிறது. விளக்கைக் கூட்டினால் சுவர் இன்னும் வெளுக்கிறது. 63 சென்டிமீட்டர் அலைக்கோ தூசி என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதனால்தான் வரிசையாகப் போகும் வண்டிகளில் முதல் வண்டிக்காரர், “எதிரே ஒரு வண்டி வருகிறது, இடது ஓரம் ஒதுங்குங்கள்” என்று மைக்கில் சொல்கிறார். பின்னால் வருபவர் தூசிக்குள் எதையும் பார்க்காமலேயே ஒதுங்குகிறார்.

மஞ்சள் விளக்கு தூசியைத் துளைக்கும் என்று கடைகளில் சொல்வார்கள். முழுதாக நம்ப வேண்டாம். நீல ஒளி அதிகம் சிதறி மஞ்சள் குறைவாகச் சிதறும் கணக்கு, காற்றின் மூலக்கூறுபோல் ஒளியின் அலையைவிட மிகச் சிறிய பொருளுக்குத்தான் பொருந்தும். தூசிக்கும் மூடுபனிக்கும் எல்லா நிறமும் ஏறக்குறைய ஒன்றே. நீலம் குறைவாக இருப்பதால் கண் கூச்சம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். உண்மையில் உதவுவது விளக்கு இருக்கும் இடம். வண்டியின் கூரைமேல் நீளமாக லைட் பார் போட்டால் பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் அதன் ஒளி ஓட்டுநரின் கண்ணுக்கு நேர் முன்னே உள்ள தூசியிலும் பானெட்டிலும் பட்டுத் திரும்பும். கண்மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே விளக்கு இருக்கிறதோ, அந்த அளவுக்கு இந்தத் தொல்லை குறையும்.

இனி குச்சிக்கு வருவோம். ஆண்டெனாவின் எளிய வடிவம் அலையின் நீளத்தில் கால் பங்கு உள்ள கம்பி. நம் கணக்கில் சுமார் 16 சென்டிமீட்டர். ஆனால் இந்தக் கம்பி பாதி ஆண்டெனாதான். எலக்ட்ரான்கள் கம்பியில் மேலே ஏற வேண்டுமானால் கீழே எங்கிருந்தோ அவை வந்தாக வேண்டும். இறங்கும்போது போய்ச் சேர ஓர் இடமும் வேண்டும். வண்டியின் இரும்புக் கூரை அந்த இடத்தைத் தருகிறது. கூரைக்குக் கீழே இன்னொரு கால் பங்குக் கம்பி தலைகீழாக இருப்பதுபோல், கண்ணாடிப் பிம்பமாக அது நடந்துகொள்கிறது. அதாவது கூரை நடுவே நட்டால் வண்டியே ஆண்டெனாவின் மறுபாதி. புல் பாரின் ஓரத்தில் அப்படிப்பட்ட விரிந்த தகடு கிடையாது. அதே கம்பியை அங்கே நட்டால் அனுப்பிய சக்தியில் ஒரு பகுதி கேபிள் வழியே ரேடியோவுக்கே திரும்பிவிடும். இப்படித் திரும்புவதை அளக்கும் நிலை அலை விகிதம் 3 என்று மீட்டர் காட்டினால் கால் பங்கு வீண். ஆகவே புல் பாருக்கென்று விற்கும் ஆண்டெனாக்கள் பெரும்பாலும் தமக்குத் தேவையான மறுபாதியைத் தமக்குள்ளேயே வைத்திருக்கும் நீளமான வகை.

நீளத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சட்டப்படி இந்த ரேடியோவுக்கு 5 வாட்தான் உச்சம். சக்தியைக் கூட்ட முடியாது, திசை திருப்பத்தான் முடியும். பலூனை மேலும் கீழும் அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்குமே, அப்படி நீண்ட ஆண்டெனா வானத்துக்கும் தரைக்கும் போகும் சக்தியைத் தொடுவானப் பக்கம் தள்ளுகிறது. சமவெளியில் அது வரப்பிரசாதம். மணல்மேடுகளிலோ வண்டி மூக்கைத் தூக்கி ஏறும்போது அந்தத் தட்டையான கற்றையும் சாய்ந்து, பாதி வானத்துக்கும் பாதி மண்ணுக்கும் போய்விடும். மேட்டு நிலத்துக்குக் குட்டை ஆண்டெனாவே மேல்.

விளக்கிலும் இதே பேரம்தான். பின்னால் உள்ள குழிக் கண்ணாடி ஒளியைக் குறுக்கிக் குவித்தால் தூரம் எட்டும், ஓரம் இருண்டுவிடும். கங்காரு வருவது ஓரத்திலிருந்து. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 1 லக்ஸ் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்கக் கூடாது. முழுநிலவின் ஒளி அதில் கால் பங்கு இருக்கும். பழுப்புநிற விலங்கைப் பழுப்புநிற மண்ணில் அடையாளம் காண 1 லக்ஸ் போதாது. தூரத்தை இரட்டிப்பாக்க ஒளிச்செறிவை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது வேறு. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 30 மீட்டர் ஓடுகிறது. கண்டு, பிரேக்கை மிதித்து, நிற்க நல்ல தார்ச்சாலையிலேயே 120 மீட்டருக்கு மேல் ஆகும். லோ பீம் காட்டுவது அதில் ஏறக்குறைய பாதிதான். துணை விளக்கு தேவைப்படுவது இந்த இடைவெளிக்கு.

சிக்கல் தொடங்குவது விளக்கையும் ஆண்டெனாவையும் ஒரே சட்டத்தில் மாட்டும்போது. 1887-இல் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் முதன்முதலில் வானலையை உண்டாக்கியது மின்பொறியால். சட்டென்று தொடங்கி சட்டென்று நிற்கும் எந்த மின்னோட்டமும் வானலையைக் கக்கும். இன்றைய எல்.இ.டி. விளக்குக்குள் இருக்கும் சிறு சர்க்யூட், பேட்டரியின் 12 வோல்ட்டை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்ற, நொடிக்குப் பல லட்சம் முறை மின்னோட்டத்தைத் தட்டித் தட்டி விடுகிறது. மலிவான விளக்கில் இதை வடிகட்ட எதுவும் இருக்காது. விளக்கிலிருந்து சுவிட்ச் வரை போகும் ஒயரே ஆண்டெனாவாகி, கேட்கவே வேண்டாத ஒலிபரப்பு ஒன்றைத் தொடங்கிவிடும். அரை மீட்டர் தள்ளி நிற்கும் உண்மையான ஆண்டெனா அதைத் துல்லியமாக வாங்கிக்கொள்ளும். தூரத்து வண்டியின் மெலிந்த குரல் அதில் மூழ்கிவிடும்.

இந்த இரைச்சலில் அதிகம் அடிபடுவது, யு.எச்.எஃப்.-ஐவிட நீண்ட அலையில் இயங்கும் சிற்றலை ரேடியோதான். தரையிலிருந்து 2 மீட்டர் உயர ஆண்டெனாக்கள் இரண்டுக்கு இடையே, பூமியின் வளைவு சுமார் 12 கிலோமீட்டரில் குறுக்கே வந்துவிடும். அதற்கு அப்பால் பேச, வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலை வேண்டும். 1929-இல் ஆல்ஃபிரட் டிரேகர் காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் சிற்றலை ரேடியோவைச் செய்துகொடுத்த பிறகுதான், அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய பறக்கும் மருத்துவச் சேவையை ஒதுக்குப்புறப் பண்ணைகள் கூப்பிட முடிந்தது. அந்தக் காலத்தில் பண்ணைகளில் எல்.இ.டி. இல்லாதது அவர்கள் அதிர்ஷ்டம்.

உங்கள் வண்டியில் இந்தத் தொல்லை இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. வண்டி ரேடியோவில் மீடியம் வேவில் மெலிதாகக் கேட்கும் நிலையம் ஒன்றைப் பிடித்துவிட்டு, விளக்கைப் போடுங்கள். இரைச்சல் எழுந்தால் விளக்குதான் குற்றவாளி. ஒயரில் ஃபெரைட் வளையம் மாட்டலாம். பாசிட்டிவ், நெகட்டிவ் ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டலாம். விளக்கை ஒரு பக்கமும் ஆண்டெனாவை மறுபக்கமும் தள்ளலாம். வாங்கும்போதே, இந்த இரைச்சலுக்கு வரம்பு வைக்கும் சிஸ்பர் 25 தரத்தில் எந்த வகுப்பு என்று கேட்பது எல்லாவற்றிலும் மேல். ஐந்தாம் வகுப்பே மிகக் கடுமையானது.

இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ஆண்டெனாவை வாங்குங்கள். இரவில் ஓட்டாமல் இருந்துவிட்டால் துணை விளக்குக்கு வேலையே இல்லை. மணல்மேட்டின் அந்தப்பக்கத்திலிருந்து ஏறி வரும் வண்டியைப் பட்டப்பகலிலும் எந்த விளக்காலும் காட்ட முடியாது.