சொல்லி வரும் வாடிக்கை: நிலத் தரகர்களுக்குச் சில யோசனைகள்

நெசவும் வேளாண்மையும் செய்யும் நம் அங்கத்தினர்களின் குடும்பங்களில் இளைஞர் சிலர் வீடு, மனை, நிலம் ஆகியவற்றின் தரகுத் தொழிலை மேற்கொண்டிருக்கின்றனர். இத்தொழில் இழிவானதன்று. விற்பவரையும் வாங்குபவரையும் ஒருங்கு சேர்த்து, இருவருடைய அலைச்சலையும் குறைப்பவர் தம் உழைப்புக்குக் கூலி பெறுவது நியாயமே. ஆயினும், “விளம்பரம் செய்யக் கையில் பணமில்லை, வாடிக்கையைப் பெருக்குவது எவ்வாறு?” என்று இவர்கள் கேட்கின்றனர். ஒருவர் சொல்லி மற்றவர் வருவதே இத்தொழிலில் நிலைத்த வாடிக்கை என்பது நம் கருத்து. அது எவ்வாறு உண்டாகிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

புடவை வாங்கிச் சென்றவர், சாயம் போகாமலிருந்தால், அடுத்த தீபாவளிக்கும் நம்மிடமே வருவார். மனை வாங்கியவர் அவ்வாறு வருவதில்லை. பெரும்பாலான குடும்பங்கள் ஆயுளில் ஒரு முறையோ இரு முறையோதான் மனை வாங்குகின்றன. ஆகவே தரகருக்கு அவரால் விளையக்கூடிய பயன் அவர் திரும்பி வருவதில் இல்லை. தம் மைத்துனரிடமும் பக்கத்துத் தறிக்காரரிடமும் அவர் சொல்லும் சொல்லில்தான் இருக்கிறது. விதை நெல்லைக் குறித்து எத்தனை துண்டுப் பிரசுரம் கொடுத்தாலும், விவசாயி அடுத்த வரப்பில் நின்று கதிரைப் பார்த்த பின்னரே நம்புகிறார் அல்லவா? மனை விஷயமும் அத்தகையதே.

இனி, அச்சொல்லின் தன்மையைக் கவனிப்போம். ஆள் ஜாமீனில் கொடுக்கப்படும் கடனைப் பற்றி அங்கத்தினர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. கடன் பெறுபவர் ஒருவர். கையொப்பமிட்டு நிற்பவர் மற்றொருவர். தவணை தவறினால் அறிவிப்பு இருவர் வீட்டுக்கும் செல்லுகிறது. ஒரு தரகரைத் தம் உறவினருக்குச் சொல்லி அனுப்புபவரும் கையொப்பமிடாத ஜாமீன்தாரரே ஆவார். பின்னர் மனையில் வில்லங்கம் கிளம்புமாயின், வாங்கியவர் தரகரைத் தேடுமுன், சொல்லி அனுப்பியவருடைய திண்ணையில்தான் வந்து நிற்பார். பத்திரத்தில் அவர் பெயர் எங்கும் இராது. இருந்தும் பழி அவரைச் சேரும். இரண்டு வீட்டாரும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போகாமல் நின்றுவிடுவதும் உண்டு. தரகர் இழப்பது ஒரு வாடிக்கையை. அவர் இழப்பது உறவை.

இதனை மனத்திற் கொண்ட தரகர், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் ஆகியவற்றைத் தம் கண்ணால் காணாமல் எவரையும் மனை பார்க்க அழைத்துச் செல்லலாகாது. பட்டா என்பது வருவாய்த் துறையின் கணக்கு. அது மட்டுமே உரிமையை நிலைநாட்டிவிடாது. வில்லங்கச் சான்றிலோ பதிவான நடவடிக்கைகள்தாம் காணப்படும். பதிவாகாத உயிலையும், அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகச் செய்துகொண்ட பாகத்தையும் அது காட்டாது. ஆகவே அண்டை நிலக்காரரை விசாரிப்பதும், முன்பணம் கைமாறுமுன் வழக்கறிஞர் ஒருவரிடம் பத்திரங்களைக் காட்டச் செய்வதும் அவசியம். ஐயம் தோன்றினால், “இது உங்களுக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட வேண்டும். 20 லட்சம் ரூபாய் மனைக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் தரகு 20,000 ரூபாய் ஆகிறது. சமையலறையில் அரிசி இல்லாத நாளில் அதனை விட்டுக் கொடுப்பது எளிதென்று நாம் கூற மாட்டோம். ஆனால் வேண்டாமென்று சொல்லப்பட்டவர் அதனை ஊரெங்கும் சொல்லுவார். வாங்கி ஏமாந்தவரும் சொல்லத்தான் செய்வார்.

பெரும்பாலான தரகர்கள் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. பத்திரப் பதிவு முடிந்த அன்று மாலை தரகுத் தொகை கைக்கு வந்தவுடன் அவர்கள் மறைந்து விடுகின்றனர். வாங்கியவருக்குத் தொல்லை தொடங்குவதோ அதன் பிறகுதான். பட்டா மாறுதலாக வேண்டும்; பெரிய சர்வே எண்ணில் ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால், நில அளவர் வந்து அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும்; வீடாயின் வரி ரசீதும் மின் இணைப்பும் பெயர் மாற வேண்டும். இவற்றுக்காகத் தறியை நிறுத்திவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலையும் நெசவாளிக்கு, இன்ன விண்ணப்பம், இன்ன இடம், இன்ன நகல் என்று தரகர் எடுத்துச் சொல்லி, ஒரு நாள் உடன் சென்றும் வந்தால், அவ்வுதவியை அவர் மறக்கவே மாட்டார். புதிய பட்டா கையில் கிடைக்கும் நாள்தான் “உங்களுக்குத் தெரிந்தவர் யாரேனும் மனை தேடினால் சொல்லுங்கள்” என்று கேட்கத் தகுந்த நாள். பதிவு அலுவலக வாசலில் அதனைக் கேட்பவர் சற்று அவசரக்காரர்.

வாங்கியவர்களன்றி, சொல்லி அனுப்பக் கூடியவர்கள் வேறு சிலரும் உண்டு. யார் வீடு கட்ட நினைக்கிறார் என்பதைக் கொத்தனார் அறிவார். பத்திர எழுத்தரிடம் ஆட்கள் வருவது பேரம் முடிந்த பின்னர்தான். ஆயினும் தரகரின் நடத்தைக்கு அவரைக் காட்டிலும் நல்ல சாட்சி இல்லை. இத்தகையோர் அனுப்பிய ஆளின் காரியம் முடிந்ததா, முடியவில்லையாயின் ஏன் என்பதைத் தரகர் தாமே சென்று தெரிவிக்க வேண்டும். அனுப்பியவர் அதனைப் பிறர் வாயால் கேட்டறியும்படி விடுவது மரியாதையன்று.

சொல்லி அனுப்பியவருக்குக் கமிஷனில் பங்கு கொடுக்கலாமா என்பது பலருக்கும் எழும் ஐயம். பங்கு பெற்றுக்கொண்டு சொல்லும் சொல்லுக்கு, அது தெரியவந்தவுடன், மதிப்புப் போய்விடுகிறது என்பது ஒருபுறமிருக்க, சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், வாங்குபவரையும் விற்பவரையும் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து அதற்காகக் கட்டணம் பெறுபவரையும் முகவர் என்றே கருதுகிறது. இச்சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டிய மனைப்பிரிவுகளிலும் அடுக்ககங்களிலும், பதிவு பெறாத முகவர் விற்பனைக்குத் துணை செய்யக் கூடாது. தவறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், மனை விலையில் நூற்றுக்கு ஐந்து வரை அபராதம் விதிக்கப்படலாம். தேநீர்க் கடையில் அமர்ந்து, “ஆளைக் காட்டினால் ஐயாயிரம்” என்று பேசிக்கொள்ளும் அங்கத்தினர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். பதிவு பெற்ற முகவரும், பதிவு செய்யப்பட வேண்டியதாயிருந்தும் பதிவாகாத மனைப்பிரிவை விற்கத் துணை போகலாகாது. கணக்குப் புத்தகங்களையும் ஒழுங்காக வைத்துவர வேண்டும். நன்றி பாராட்ட விரும்புபவர் வீட்டுக்குப் பழம் வாங்கிச் செல்லட்டும்.

கடைசியாக ஒரு செய்தி. சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டிலிருந்து பெயர்களையும் தொலைபேசி எண்களையும் எழுதிக்கொள்ள அனுமதி கிடைக்குமா என்று சில தரகர்கள் கேட்கின்றனர். கிடைக்காது. எவருக்கு எவ்வளவு நிலம், எவர் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பனவெல்லாம் சங்கக் கணக்கு வேலைக்காகத் தரப்பட்ட விவரங்கள். கடன் நெருக்கடியில் இருப்பவரைக் கண்டறிந்து, அவர் நிலத்தை மலிவாகக் கேட்க அவை பயன்படலாகாது. செயலாளர்கள் பதிவேட்டை மேசைமீது திறந்து வைத்துவிட்டு எழுந்து செல்லும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.