பழைய காரில் சூடும் ஸ்டார்ட்டும்: பார்ட் மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

பதினைந்து, இருபது வருஷம் ஓடின குடும்பக் கார் நடு ரோட்டில் நின்றுவிட்டால் வீட்டில் எழுகிற பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: "வித்துடலாம்." மெக்கானிக்கும் "இன்ஜின் வேலை இருக்கு சார்" என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை. ஆனால் இப்படி நிற்கிற வண்டிகளில் பலவற்றில் இன்ஜின் நன்றாகவே இருக்கும். அதைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு சின்னச் சாமான்தான் போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் தொடர்ந்து ஓட்டினால் நிஜமாகவே இன்ஜின் போய்விடும். கோளாறு எப்போது வருகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும் என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது.

உதாரணத்துக்கு மாருதி 800-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1983 டிசம்பரில் வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். கடைசியாக வந்ததற்கே இப்போது பத்து வயசுக்கு மேல். கார்புரேட்டர், எம்பிஎஃப்ஐ இரண்டு காலத்தையும் பார்த்தது. அதே காலத்து ஜென், சான்ட்ரோ மாதிரி பெட்ரோல் வண்டிகளுக்கும் இங்கே சொல்வது பொருந்தும்.

முதல் கேள்வி: சூடு எப்போது ஏறுகிறது?

சாயங்காலம் ஆறரை மணிக்கு கத்திப்பாராவில் ஊர்ந்து போகும்போது முள் ஏறுகிறது. ஜிஎஸ்டி ரோட்டில் மீனம்பாக்கம் தாண்டி வேகம் எடுத்ததும் தானாக இறங்குகிறது. அப்படியென்றால் ரேடியேட்டரில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, காற்றுதான் போதவில்லை. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். ஊரும்போது அந்த வேலை முழுக்க ஃபேன் தலையில் விழுகிறது. ஆக, சந்தேகம் ஃபேன் மேல். இன்ஜினை அணைத்துவிட்டு, ஃபேன் கனெக்டரைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேராக கரன்ட் கொடுத்துப் பாருங்கள். சுற்றினால் மோட்டார் நல்லாயிருக்கு. கோளாறு ஃப்யூஸ், ரிலே, வெப்ப ஸ்விட்ச் இவற்றில் ஒன்றில். சுற்றாவிட்டால் மோட்டார் போய்விட்டது. விரலை மட்டும் பிளேடு பக்கம் வைக்காதீங்க.

இதற்கு நேர் எதிர்: டிராஃபிக்கில் சும்மா இருக்கிற முள், தாம்பரம் தாண்டி வேகம் எடுத்தால் ஏறுகிறது. இப்போது காற்று நிறைய இருக்கிறது, தண்ணீர்தான் சரியாக ஓடவில்லை. ரேடியேட்டர் அடைப்பு, திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப் இந்த மூன்றில் ஒன்று.

மூன்றாவது வகை: எங்கும் ஒழுகவில்லை, ஆனால் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது, வண்டி சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை. அப்படியென்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படலாம். செலவு உண்மையிலேயே பெரிதாவது இங்கேதான். பெரும்பாலும் முதல் இரண்டை அலட்சியப்படுத்தினதால்தான் இது வரும், ஏனென்றால் அளவுக்கு மீறிச் சூடானால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். அதனால் முள் சிவப்பைத் தொட்டால் "வீடு பக்கத்துலதான்" என்று ஓட்டக் கூடாது. ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும்.

அரை மணி நேரத்துக்கு ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. அதுவும் பிரஷர் குக்கர் மாதிரிதான். மூடி சுமார் 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், உள்ளே வெறும் தண்ணீர்கூட 100 டிகிரியில் கொதிக்காது. 118 டிகிரி வரை தாங்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலும் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். சில சமயம் மூடியை மாற்றினாலே பிரச்சினை தீர்ந்துவிடும்.

நம்ம ஊர்ப் பழக்கங்கள் இரண்டைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, போர் தண்ணீர். வீட்டுக் குழாயில் வெள்ளையாகப் படிகிற அதே உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிந்து அடைக்கிறது. டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும்தான் ஊற்ற வேண்டும். கூலன்ட் கொதிநிலையை உயர்த்துவதோடு துருவையும் தடுக்கும். இரண்டு, "மெட்ராஸ் வெயிலுக்கு எதுக்கு சார் இது" என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிவது. அது சுமார் 82 டிகிரியில் திறக்கிற கதவு. அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். எம்பிஎஃப்ஐ வண்டியில் சென்சார் "இன்ஜின் இன்னும் குளிர்ச்சியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும், பெட்ரோல் கூடுதலாகப் போகும், மைலேஜ் விழும்.

இரண்டாவது கேள்வி: ஸ்டார்ட் ஆகவில்லையா, சுற்றவே இல்லையா?

இரண்டும் வேறு வேறு நோய். சாவியைத் திருப்பினால் "டிக்" சத்தம் மட்டும் வந்தால், ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு மறுபடி திருப்புங்கள். வெளிச்சம் அப்படியே மங்கினால் பேட்டரி, அல்லது டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி. வெளிச்சம் மங்காமல் இருந்தால் ஸ்டார்ட்டர், சோலனாய்டு பக்கம் போகலாம். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு. ஓய்வில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.4. ஓடும்போதும் 12 வோல்ட்டிலேயே நின்றால், எத்தனை புது பேட்டரி வாங்கினாலும் தீராது. ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணவில்லை, அல்லது அதன் பெல்ட் நழுவுகிறது.

இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறி இல்லை. உலர்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. எம்பிஎஃப்ஐ வண்டியில் சாவியை ஆன் செய்ததும் பின் சீட் பக்கம் ஓரிரு நொடி பம்ப் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முதலில் ஃப்யூஸும் ரிலேயும், பிறகுதான் பம்ப்.

வெள்ளத்தில் மூழ்கின வண்டிக்கு மட்டும் விதி தலைகீழ். 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் கிண்டி, வேளச்சேரிப் பக்கம் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்ட வண்டியை "ஓடுதான்னு பார்ப்போம்" என்று ஸ்டார்ட் பண்ணிவிடக் கூடாது. காற்றைப் போலத் தண்ணீர் அழுந்தாது. சிலிண்டருக்குள் இருந்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

அப்போ எப்போதுதான் விற்பது? 15 வருஷம் ஆனதும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். காருக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. அதைக் கட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்கச் சொல்லுவேன். ஒன்று கம்ப்ரெஷன் டெஸ்ட்: மூன்று சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டுகிறதா? இரண்டு, வண்டியை லிஃப்டில் ஏற்றி அடித்தளமும் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களும் துருப்பிடித்து ஓட்டையாகி இருக்கின்றனவா? இவை மோசம் என்றால் தாராளமாகக் கொடுத்துவிடலாம். இவை நல்லாயிருக்கிற வண்டியை ஒரு ரிலேவுக்காகவும் ரேடியேட்டர் மூடிக்காகவும் தள்ளிவிடாதீங்க.

மெக்கானிக்கிடம் போகும்போது "சூடாகுது" என்று மட்டும் சொல்லாமல், எந்த வேகத்தில், எத்தனை நிமிஷத்தில், ஏசி போட்டா போடாமலா என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். நல்ல மெக்கானிக் அதை ஆர்வமாகப் படிப்பார். படிக்காமலேயே பார்ட் லிஸ்ட் சொல்ல ஆரம்பித்தால், அடுத்த ஷெட்டுக்கு நடையைக் கட்டலாம்.