பழைய கடிகாரம் பளபளத்தால் எச்சரிக்கை!

புது தில்லி: 1865-லேயே இந்தியாவுக்கு வந்த சுவிஸ் நிறுவனம் ஃபேவர் லூபா. 1960-களில் அது தயாரித்த 'டீப் ப்ளூ', ஆழத்தை அளந்து காட்டும் 'பாத்தி' ஆகிய முக்குளிப்போர் கடிகாரங்கள் இன்று அரிதானவை. விலை அதிகம் என்பதால் மோசடிக்கும் குறைவில்லை.

மங்கிய டயலுக்குப் புதிதாக வர்ணம் பூசி, எழுத்துகளை மீண்டும் அச்சிட்டு விற்பது மும்பைச் சந்தைகளில் நெடுநாள் பழக்கம். உருப்பெருக்கியில் பார்த்தால் எழுத்தின் ஓரத்தில் பிசிறு தெரியும். ஒளிர்வதற்காக அந்நாளில் பூசப்பட்ட ட்ரிட்டியத்தின் வீரியம் சுமார் 12 ஆண்டுகளில் பாதியாகிவிடும். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் இருளில் அது பளிச்சென ஒளிர்ந்தால் பூச்சு புதியதே. முள்ளும் டயலும் வெவ்வேறு நிறத்தில் பழுத்திருந்தாலும் சந்தேகிக்கலாம். பின்மூடியைத் திறந்து காட்ட மறுத்தால் பேரத்தை முடித்துக்கொள்வதே நல்லது.

அசலே கிடைத்தாலும், அதைக் கட்டிக்கொண்டு நீரில் இறங்க வேண்டாம். உள்ளிருக்கும் ரப்பர் வளையம் இறுகிப் போயிருக்கும்.