ஃபிரிட்ஜுக்கு மட்டுமா ஸ்டார்? கட்டடத்துக்கும் உண்டு!

ஃபிரிட்ஜ் வாங்கப் போனால் முதலில் எத்தனை ஸ்டார் என்றுதான் பார்க்கிறோம். அந்த ஸ்டிக்கருக்குப் பின்னால் இருக்கும் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம், 2009 முதல் அலுவலகக் கட்டடங்களுக்கும் ஸ்டார் தருகிறது. (ஈ.சி.ஆரில் இருக்கும் 5 ஸ்டார் ஹோட்டல்களின் ஸ்டார் வேறு. அது வசதிக்கு!)

கணக்கு ரொம்ப எளிது. ஓராண்டில் செலவான யூனிட்டைக் கட்டடத்தின் சதுர மீட்டரால் வகுக்க வேண்டும். புழுக்கம் அதிகமுள்ள நம் கடலோரப் பகுதிக்குத் திட்டம் தொடங்கியபோது வகுத்த அளவுப்படி, பாதிக்கு மேல் ஏசி உள்ள அலுவலகம் 200 முதல் 175 வரை வந்தால் 1 ஸ்டார், 100-க்குள் அடங்கினால் 5 ஸ்டார். ஆயிரம் சதுர மீட்டர் அலுவலகம் 1,80,000 யூனிட் இழுத்தால் 1 ஸ்டார்தான். 5 ஸ்டாரோடு ஒப்பிட்டால் 80,000 யூனிட் கூடுதல். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 6.4 லட்சம்!

இந்த ஸ்டார் விருப்பம் இருந்தால் வாங்குவது. 2007-ல் வந்து 2017-ல் புதுப்பிக்கப்பட்ட எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு அப்படியல்ல. மாநில அரசு அறிவித்துவிட்டால் புதிய வணிகக் கட்டடங்களுக்குக் கட்டாயம். இணைப்புச் சுமை 100 கிலோவாட், அதாவது ஒன்றரை டன் ஏசி சுமார் 60 ஓடும் அளவு இருந்தால் இதற்குள் வரும். 2022-ல் நடந்த சட்டத் திருத்தம் பெரிய குடியிருப்புகளையும் சேர்க்க வழி செய்தது. தமிழ்நாட்டில் இதற்குப் பொறுப்பு, லிஃப்ட்டுக்கு லைசென்ஸ் தரும் அதே மின் ஆய்வுத் துறை.

ஜி.எஸ்.டி. சாலையில் சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டினால் மஹிந்திரா சிட்டி; அந்தப் பக்கம் சிறுசேரி. ஐ.டி. பூங்கா என்றாலே நினைவுக்கு வருவது கண்ணாடிச் சுவர்தான். விதி கை வைப்பதும் அங்கேதான். சுவர்ப் பரப்பில் ஜன்னல் கண்ணாடி 40 சதவிகிதத்தைத் தாண்டினால், கம்ப்யூட்டரில் மாதிரி செய்து மொத்த மின்செலவு கூடாது என்று நிரூபிக்க வேண்டும். மொட்டை மாடியும் வெயிலைத் திருப்பி அனுப்பும்படி இருக்க வேண்டும். ஓடும் திண்ணையும் வைத்துக் கட்டிய நம் தாத்தாக்களுக்கு இதெல்லாம் புதுசா என்ன?

ஒரு சிக்கல் உண்டு. விதிப்படி வரைபடம் தேறிவிட்டாலும், குடியேறிய பிறகு ஏசியை 18-ல் வைத்தால் வரைபடம் என்ன செய்யும்? ஒரு டிகிரி உயர்த்தினாலே சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சம் என்கிறது பணியகம். ஓடிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் நிஜ பில்லைப் பார்ப்பது ஸ்டார் முறை, ஆனால் அதைக் கட்டாயமாக்கவில்லை.

இதில் மாட்டிக்கொள்பவர் வாடகைதாரர். கட்டியவர் கண்ணாடியில் மிச்சம் பிடிப்பார். பில் கட்டுவது இவர். கடையோ அலுவலகமோ வாடகைக்குப் பார்ப்பவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் போன வருஷ மின் பில்களைக் கேட்டு வாங்கி, சதுர மீட்டரால் வகுத்துப் பாருங்கள்.