எந்த இன்ஜின் நல்ல இன்ஜின்?

தெர்மல் பாடத்தில் எரிபொருள் சிக்கனம் என்று படிக்கிறோமே, அதை இரண்டு உயிர்களை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்று, இந்தோனேசியாவின் கொமோடோ தீவில் வாழும் ராட்சத உடும்பு. 3 மீட்டர் நீளம், 70 கிலோ எடை வரை வளரும். மற்றொன்று, தென் அமெரிக்கக் காடுகளில் அந்தரத்தில் நின்றபடியே பூவில் தேன் குடிக்கும் ஹம்மிங் பறவை. எடை நாலைந்து கிராம்தான்.

உடும்பு ஒரே வேளையில் தன் எடையில் 80 சதவீதம் வரை இறைச்சி தின்றுவிடும். அப்புறம் ஒரு மாசம் சும்மா கிடந்தாலும் கவலையில்லை. பறவையோ பகலில் சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே ஆபத்து. ஏன் இப்படி?

எல்லாம் சூடு செய்யும் வேலை. உடும்புக்குச் சூடு வெயிலிலிருந்து இலவசம். காலையில் வெயில் காய்ந்து, உடம்பு 35 டிகிரி வாக்கில் வந்ததும் கிளம்பும். 'குளிர் ரத்தப் பிராணி' என்று பள்ளிக்கூடத்தில் படித்த பேர் எனக்குப் பிடிக்கவில்லை. மத்தியானத்தில் அதன் ரத்தமும் கிட்டத்தட்ட நம்ம ரத்தம் அளவுக்குச் சூடுதான்! பறவை தன் 40 டிகிரியைச் சொந்தச் செலவில் காப்பாற்ற வேண்டும்.

அதிலும் உடம்பு சின்னது. 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்துக்குப் பரப்பு 6, கன அளவு 1. பக்கத்தை 10 ஆக்குங்கள்: பரப்பு 600, கன அளவு 1000. கன அளவோடு ஒப்பிட்டால், சூடு வெளியேறும் பரப்பு பத்தில் ஒரு பங்காகிவிட்டது. டம்ளர் டீ சீக்கிரம் ஆறுவதும் அண்டா டீ ஆறாததும் இதனால்தான். நம்ம பறவை சின்ன டம்ளர். பறக்கும்போது இதயம் நிமிஷத்துக்கு 1200 தடவை வரை துடிக்கும்.

ராத்திரி தேனுக்கு எங்கே போவது? பல ஹம்மிங் பறவைகள் சூட்டைக் குறைத்துக்கொண்டு மரத்துப்போய் உட்கார்ந்துவிடும். எங்க ஆயா அடுப்புக் கங்கைச் சாம்பல் போட்டு மூடி வைக்கும், காலையில் ஊதினால் பிடிச்சிக்கும். அதே கதைதான். பெரு நாட்டு ஆண்டிஸ் மலையில் ஒரு பறவையின் உடம்பு 3.3 டிகிரி வரை இறங்கியதாக 2020-இல் ஆய்வு வெளியானது. விடியும்போது தசையை நடுங்கவைத்தே மறுபடி சூடேற்றிக்கொள்ளும்.

இருந்தாலும், ஒருத்தர் கூலியில் ஐந்து பேர் சாப்பிடும் வீட்டிலிருந்து படிக்க வந்த முதல் ஆள் நான். என் ஓட்டு உடும்புக்குத்தான். ஆனால் இலவசச் சூட்டை வேண்டாம் என்று நிறுத்தத்தான் அதனிடம் ஸ்விட்ச் இல்லை. நிழலைத் தேடி ஒதுங்கலாம், அவ்வளவுதான். வெப்பமும் கடல்மட்டமும் உயர்வதால் 45 ஆண்டுகளில் அதற்கு ஏற்ற இடத்தில் 30 சதவீதமாவது போய்விடும் என்று கணித்து, 2021-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதன் ஆபத்து நிலையை ஒரு படி உயர்த்தியிருக்கிறது.